கசக்கும் செய்தியைக் கேட்கும் தலைமை: உளவு அமைப்புகளை நடத்த எத்தகையவர் தேவை?

உளவு அமைப்பு என்பது, பிறர் மறைக்க விரும்பும் செய்திகளைத் திரட்டி, அவை மெய்யா பொய்யா என்று சோதித்து, முடிவெடுக்க வேண்டியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பதற்காக ஓர் அரசோ ஒரு நிறுவனமோ செய்துகொள்ளும் ஏற்பாடு ஆகும். இம்மூன்று வேலைகளுள் முதலாவதான திரட்டுதலே திரைப்படங்களாலும் துப்பறியும் நாவல்களாலும் மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால், உளவுத் தோல்விகளை ஆராய்ந்த ஆணையங்களின் அறிக்கைகளை அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு, செய்தி கிடைக்காமல் போனதைக் காட்டிலும், கிடைத்த செய்தி சோதிக்கப்படாமலோ சேர வேண்டிய இடத்தில் சேராமலோ போனதே மீண்டும் மீண்டும் உயிர்ச்சேதத்துக்கு வழிவகுத்திருப்பது புலப்படும். திரட்டுவது களத்தில் நிற்பவரின் திறமையைப் பொறுத்தது. சோதிப்பதும் சேர்ப்பதும் தலைமையின் பொறுப்பு. ஆகவே துணிச்சல், சாதுரியம், ரகசியம் காத்தல் என்று வழக்கமாக எண்ணிச் சொல்லப்படும் குணங்களுக்கெல்லாம் முன்னால், தான் நம்ப விரும்புவதையே ஐயுறவும், தனக்குக் கசக்கும் செய்தியைக் கொண்டுவரும் கீழ்நிலை ஊழியரைக் காப்பாற்றவும் வல்ல மன ஒழுக்கம் ஒன்றை வைக்க வேண்டியிருக்கிறது.

இதை ஆராய்வதற்குத் தமிழ் நிலத்தில் புதுச்சேரியைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. இன்று உழவர்கரை நகராட்சிக்குள் அடங்கும் கருவடிக்குப்பத்தின் தோப்புகளும், கிழக்கே கடற்கரை வரை நீளும் நகரத் தெருக்களும், 1908 முதல் 1918 வரையிலான பத்தாண்டுகளில், பேரரசு ஒன்றின் உளவுத்துறை ஒரு சிறு குழுவினர்மீது இடைவிடாமல் நடத்திய வேவுக்குக் களமாக இருந்தன. அந்த வேவின் வெற்றியும் தோல்வியும் விரிவாகப் பதிவாகியிருப்பதால், அதை நடத்தியவர்களின் தலைமைப் பண்பையும் அவற்றிலிருந்து அளந்தறிய முடிகிறது.

புதுச்சேரியில் பத்தாண்டு வேவு

‘இந்தியா’ வார இதழின்மீது 1908இல் சென்னையில் பிரிட்டிஷ் அரசு நடவடிக்கை எடுத்தபோது, பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரிக்கு வந்து, அவ்விதழை 1910 வரை இங்கிருந்தே வெளியிட்டார். 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தரும், அவ்வாண்டின் பிற்பகுதியில் லண்டனிலிருந்து தப்பிவந்த வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். பிரெஞ்சு எல்லைக்குள் கைது செய்யும் அதிகாரம் பிரிட்டிஷாருக்கு இல்லாததால், வேவு ஒன்றே அவர்கள் கையில் எஞ்சியிருந்த கருவி. 1904இல் நிறுவப்பட்டு, 1910 முதல் சார்லஸ் கிளீவ்லண்டின் தலைமையில் இயங்கிய மத்தியக் குற்ற உளவுத்துறையும், சென்னை மாகாணத்தின் சி.ஐ.டி. பிரிவும் தங்கள் ஆட்களைப் புதுச்சேரியிலேயே குடியமர்த்தின. தேசபக்தர்களின் வீட்டுவாசல்கள் கண்காணிக்கப்பட்டன, கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன, வந்துபோவோரின் பெயர்கள் குறிக்கப்பட்டன. வெளியூரிலிருந்து வந்து தங்குவோர் உள்ளூரின் மதிப்புக்குரிய ஐவரிடம் நற்சான்று பெற்றுப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற விதியைப் பிரெஞ்சு நிர்வாகம் கொண்டுவந்ததற்கும் பிரிட்டிஷ் அழுத்தமே பின்னணி. அரவிந்தருக்கு அச்சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தவர், அவருக்கு முதலில் தங்க இடமளித்த சங்கர செட்டியார்.

இவ்வளவு கண்காணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன், திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துப் புனலூரில் வனத்துறை ஊழியராக இருந்த இளைஞர். அவர் புதுச்சேரிக்கு வந்து வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பதும், அப்பயிற்சி கருவடிக்குப்பத்துப் பக்கம் நடந்தது என்பதும் பரவலாகச் சொல்லப்பட்டு வருபவை. நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகச் சென்று ஆள்சேர்த்த பாரத மாதா சங்கத்தின் பரப்பு, கொலைக்குப் பிறகு நடந்த வீட்டுச் சோதனைகளில்தான் போலீசாருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெயர்பெற்ற பத்திரிகையாசிரியரும் வங்காளத் தலைவரும் எந்நேரம் வெளியே சென்றார்கள் என்பதை எழுதிக்கொண்டிருந்த அமைப்பு, தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் யாரும் அறியாத இளைஞர்கள் கூடிச் சத்தியம் செய்துகொண்டதைக் கவனிக்கவில்லை. ஆள் போதாமை இதற்குக் காரணமன்று. ஆபத்து எங்கிருந்து வரும் என்று தலைமை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், அந்தத் தீர்மானத்துக்கு வெளியே களப்பணியாளரின் கண் போகாது. போனாலும் அவர் எழுதுவதைப் படிக்க மேலே ஆள் இருக்காது.

கொலைக்குப் பிறகு அத்தலைமை செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பார்வையின் திசையை மாற்றுவதற்குப் பதிலாக, அதே வீடுகளுக்கு முன்னால் ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கியது. தகவலுக்குப் பணமும் பதவி உயர்வும் காத்திருக்கும் இடத்தில், தகவல் இல்லாவிட்டால் அதை உற்பத்தி செய்ய ஆள் கிடைப்பார்கள் என்பதற்கு 1912இல் நடந்த மயூரேசன் விவகாரம் சான்றாகிறது. பிரிட்டிஷ் போலீசாரின் கையாள் என்று அரவிந்தர் வரலாற்று நூல்கள் குறிப்பிடும் மயூரேசனும் அவருடைய கூட்டாளிகளும், சதிக்கு ஆதாரம் போலத் தோன்றும் துண்டறிக்கைகளையும் கடிதங்களையும் ஒரு தகர டப்பாவில் அடைத்து வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். தண்ணீர் இறைக்கும்போது டப்பா வெளிப்பட்டுவிட, அரவிந்தரின் யோசனைப்படி அதைத் தேசபக்தர்களே பிரெஞ்சுப் போலீசாரிடம் ஒப்படைத்தனர். பின்னர் மயூரேசன் கொடுத்த புகாரின்பேரில் விசாரணை நீதிபதி நாந்தோ அரவிந்தரின் வீட்டைச் சோதனையிட்டபோது, அவர் கையில் அகப்பட்டவை கிரேக்க, லத்தீன் மொழி எழுத்துகள். சோதனையிட வந்தவர் மரியாதையோடு திரும்பிச் சென்றார். பொய்ப் புகாருக்காகத் தன்மீதே வழக்கு வரும் என்று அஞ்சிய மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டார்.

இத்தகைய மோசடிக்கு மேலிடத்திலிருந்து எழுத்து மூலமான ஆணை தேவையில்லை. அறிக்கைகளின் கனத்தைப் பார்த்து மகிழ்ந்து, அவற்றின் மூலத்தைக் கேட்காத தலைமை அமைந்தாலே போதும். மற்றது தானாக நடக்கும். 2003இல் ஈராக்கின் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றி அமெரிக்கா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் எடுத்துரைத்த செய்தி, ஜெர்மனியில் அடைக்கலம் தேடிய ஓர் ஈராக்கியரின் கட்டுக்கதையை அடிப்படையாகக் கொண்டிருந்தது என்பது பின்னர் வெளிப்பட்டது. அவரை நம்புவதில் ஆபத்து இருப்பதாகக் கீழ்மட்ட அலுவலர்கள் எழுப்பிய ஐயம், போருக்கு ஏற்கெனவே மனம் வைத்துவிட்ட மேல்மட்டத்தில் எடுபடவில்லை. தொண்ணூறு ஆண்டு இடைவெளியும் கண்டங்களின் தூரமும் இருந்தபோதிலும், தவறின் இயல்பு ஒன்றுதான். திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம், ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆளப்பட வேண்டும் என்றும், அவ்வாறு ஆளப்படும் மூவரின் சொல் ஒத்திருந்தால்தான் அது நம்பத்தக்கது என்றும் ஆள்பவனுக்கு வகுத்துச் சொல்வது, மயூரேசன்களை முன்னறிந்த எச்சரிக்கையாகவே படுகிறது. இன்றைய உளவுத் துறையினர் ‘பல்மூலச் சரிபார்ப்பு’ என்று குறிப்பிடும் நடைமுறை, அதாவது ஒன்றோடொன்று தொடர்பில்லாத வழிகளில் ஒரே செய்தி உறுதிப்படும்வரை அதை முடிவுக்கு அடிப்படையாக்காமல் வைத்திருத்தல், இதுவே.

புதுச்சேரிக் கதையில் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். அரவிந்தரின் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்த வீரேன் ராய் உண்மையில் போலீசின் தகவலாளர். ஊர் திரும்ப விரும்பிய அவர், தமக்குப் பதிலாக வருபவர் தம்மை அடையாளம் காண்பதற்காகத் தலையை மழித்துக்கொண்டார். தற்செயலாக அதே வீட்டிலிருந்த வேறோர் இளைஞரும் மொட்டையடித்துக்கொள்ளவே, தம் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று கலங்கி, எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லி, பெற்ற பணத்தை அரவிந்தரின் காலடியில் வைத்தார். எதிரியின் வீட்டில் மாதக்கணக்கில் தனித்து வாழும் மனிதரின் மனம் எந்த நிலையில் இருக்கும் என்று அவரை அனுப்பிய அதிகாரிகள் எண்ணிப் பார்த்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. தகவலாளரைச் செலவழித்துத் தீர்க்கும் பொருளாகக் கருதும் அமைப்பு, கடைசியில் அவரையும் இழக்கும், அவர் வழியாகத் தன் ரகசியத்தையும் இழக்கும்.

1918 நவம்பர் 20 அன்று பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டு, பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்ததும் கைதாகி, கடலூர்ச் சிறையில் 24 நாள் இருந்தார். சி.ஐ.டி. துணைத் தலைமை ஆய்வாளர் ஹானிங்டன் சிறையில் அவரை நேரில் சந்தித்துப் பேசிய பிறகு, நிபந்தனைகளின்பேரில் விடுதலை கிடைத்தது. பத்தாண்டு காலம் வீதிமுனைகளில் ஆள் நிறுத்தி அறிய முயன்ற மனிதரை ஓர் உயர் அதிகாரி ஒருமுறை எதிரே அமர்ந்து கேட்டதே முடிவை மாற்றியது என்பது, அத்தனை ஆண்டுகளில் திரண்ட அறிக்கைகளின் தரத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

அதே இந்தியப் போலீசில் வளர்ந்து, 1924 முதல் 1931 வரை மத்திய உளவுத்துறையின் இயக்குநராக இருந்த டேவிட் பெட்ரி, பிற்காலத்தில் வேறொரு வகைத் தலைமைக்கு எடுத்துக்காட்டானார். இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5 வேலைச்சுமையாலும் உட்குழப்பத்தாலும் திணறிக்கொண்டிருந்த நிலையில், 1941இல் அவரிடம் பொறுப்பை ஏற்கச் சொன்னார்கள். அவர் உடனே நாற்காலியில் அமரவில்லை. முதலில் அமைப்பின் குறைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதி, தம் நிர்வாகத்தில் வெளியார் தலையிடக் கூடாது என்ற உறுதியையும் பெற்ற பின்னரே தலைமை ஏற்றார். களத்தில் வீரம் காட்டிய கதைகளால் அன்று, கோப்புகள் ஓடும் பாதையைச் செப்பனிட்டதாலேயே அவர் நினைக்கப்படுகிறார். பிடிபட்ட ஜெர்மானிய ஒற்றர்களையே திருப்பி, அவர்கள் வாயிலாகப் பகைவருக்குப் பொய்ச்செய்தி அனுப்பிய புகழ்பெற்ற நடவடிக்கை அவருடைய காலத்தில்தான் செழித்தது. நிர்வாகத் திறமையை உளவுத் தலைமையின் இரண்டாந்தரத் தகுதியாக எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தெரிந்தும் சேராத செய்திகள்

விடுதலைக்குப் பின் மத்திய உளவுத்துறையின் முதல் இந்திய இயக்குநரானவர், சென்னை மாகாணக் காவல்துறையிலிருந்து சென்ற டி.ஜி. சஞ்சீவி. அவர் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, 1948 ஜனவரி 20 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்து, மதன்லால் பாவா பிடிபட்டார். அவருடைய வாக்குமூலத்தில் புனேயின் ஒரு பத்திரிகையாசிரியரைப் பற்றிய குறிப்பு இருந்தது. பம்பாயில் ஒரு பேராசிரியர், மதன்லால் தம்மிடம் முன்னமே சொன்ன சதியைப் பற்றி மறுநாளே மாகாண அமைச்சர்களிடம் தெரிவித்தார். டெல்லியிலிருந்து பம்பாய் சென்ற போலீசார் பயனின்றித் திரும்பினர். வாக்குமூலத்தின் நகலைப் பெற்ற புனே அதிகாரி விமானத்தில் செல்லாமல் ரயிலில் ஊர் திரும்பினார். பத்து நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, அந்தப் பத்திரிகையின் ஆசிரியரான கோட்சே சுட்டார். இவற்றையெல்லாம் பின்னர் விசாரித்த கபூர் ஆணையம், டெல்லி, பம்பாய், புனே ஆகிய மூன்று இடங்களின் அறிவும் ஒன்றுசேராமல் போனதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. ஒரு துண்டு இவரிடம், ஒரு துண்டு அவரிடம் என்று சிதறிக் கிடந்தவற்றைத் தம் மேசைக்கு வரவழைத்து, இன்றிரவே யார் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அவசர உணர்வு தலைமையில் எழவில்லை. அதற்கு நாடு கொடுத்த விலை மிகப் பெரிது.

ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நோய் தீரவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த பாதுகாப்பு ஆய்வாளர் கே. சுப்பிரமணியம் தலைமையில் 1999இல் அமைக்கப்பட்ட கார்கில் மறுஆய்வுக் குழு, எல்லைக்கு அப்பால் நடந்த நடமாட்டங்கள் பற்றி 1998 ஜூனில் மத்திய உளவுத்துறை இயக்குநர் தம் கையெழுத்திட்டு அனுப்பிய குறிப்பு, அதை முதலில் பெற வேண்டியிருந்த மூவருக்கு, அதாவது வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வின் செயலருக்கும், கூட்டு உளவுக் குழுவின் தலைவருக்கும், ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநருக்கும் அனுப்பப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. உளவு உலகில் ‘அறிய வேண்டியவர்க்கு மட்டும்’ என்ற விதி உண்டு. ரகசியம் கசியாமலிருக்க அது அவசியம்தான். அறிய வேண்டியவர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை தலைமையிடம் இருப்பதால், அந்த விதியைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

இலங்கையில் நடந்தது இவை அனைத்தையும்விடக் கொடியது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களுள் ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் இருந்தனர். தாக்குதலுக்கு 17 நாள் முன்பே, ஏப்ரல் 4 அன்று, இந்தியாவிடமிருந்து வந்த எச்சரிக்கை இலங்கை அரச புலனாய்வுச் சேவையின் தலைவருக்குக் கிடைத்திருந்தது. அது கடிதமாகச் சில அலுவலகங்களைச் சுற்றியதே தவிர, கூட்டம் கூட்டி விவாதிக்கப்பட்டு நடவடிக்கையாகவில்லை. அதிபருக்கும் பிரதமருக்கும் இடையிலான பகையால் பிரதமரும் காவல்துறைத் தலைவரும் பல மாதங்களாகவே தேசியப் பாதுகாப்புக் கூட்டங்களுக்கு அழைக்கப்படாமல் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய நிகழ்வு ஒன்று தமிழர் மனத்தில் ஆழமாகப் பதிய வேண்டியது. 2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு வவுணதீவில் இரு காவலர்கள் கொல்லப்பட்டபோது, பழி விடுதலைப் புலிகளின் முன்னாள் உறுப்பினர்கள்மீது விழுந்தது. ஒருவர் கைது செய்யப்பட்டார். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னரே அக்கொலைகள் அத்தாக்குதலை நடத்திய சஹ்ரான் குழுவினரின் வேலை என்பது வெளிவந்து அவர் விடுவிக்கப்பட்டார். பழைய எதிரியையே தேடிப் பழகிய கண்களுக்குப் புதிய எதிரி தென்படவில்லை. நிரபராதி ஒருவர் சிறையிலிருந்த மாதங்களில் உண்மைக் கொலையாளிகள் குண்டுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கிளீவ்லண்டின் ஆட்கள் புதுச்சேரியில் செய்த பிழை இங்கே நூறு மடங்கு உயிர்ப்பலியோடு திரும்பியது. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் சிறிசேன 10 கோடி ரூபாயும், காவல்துறைத் தலைவராக இருந்தவரும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்தவரும் தலா 7.5 கோடி ரூபாயும் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உளவுத் தலைமையின் செயலின்மை, குடிமக்களின் அடிப்படை உரிமை மீறலாகவே நீதிமன்றத்தால் கொள்ளப்பட்டது என்பதால் இத்தீர்ப்பை இந்தியச் சட்ட அறிஞர்களும் ஊன்றிப் படிக்க வேண்டும்.

இந்தியாவின் மத்திய உளவுத்துறையோ, 1968 செப்டம்பரில் ஆர்.என். காவ் தலைமையில் தொடங்கப்பட்ட ‘ரா’வோ, நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தவை அல்ல. புகைப்படங்களுக்கும் புகழுக்கும் ஒதுங்கி வாழ்ந்த காவ், அமைப்பைத் தம் பெயரால் அன்றி அதன் பணியால் அறியச் செய்தவர் என்று உடனிருந்தோர் போற்றினர். ஆயினும் அவசரநிலைக் காலத்துக்குப் பிறகு 1977இல் ஆட்சி மாறியபோது, அவ்வமைப்பும் ஐயத்துக்கு உள்ளாகி, அதன் வளங்கள் குறைக்கப்பட்டன. தலைமைப் பதவியின் தகுதி தாழ்த்தப்பட்டதை ஏற்காமல் காவுக்குப் பின் வந்த சங்கரன் நாயர் விலகினார். ஆளும் கட்சியின் நலனையும் நாட்டின் நலனையும் பிரித்துப் பார்த்து, முறையற்ற ஆணைக்கு மறுப்புச் சொல்லும் உறுதி தலைவரிடம் எவ்வளவு இருந்தாலும், அந்த மறுப்பைத் தாங்கிப்பிடிக்கச் சட்டம் இல்லையென்றால் அது ஒரு தனிமனிதரின் தியாகமாக மட்டுமே முடியும். பிரிட்டன் 1989இலும் 1994இலும் தன் உளவு அமைப்புகளைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஜே. எட்கர் ஹூவர் 48 ஆண்டுகள் ஒரே அமைப்பின் தலைமையில் இருந்து, மார்ட்டின் லூதர் கிங் போன்றோரையும் வேவு பார்த்த அனுபவத்துக்குப் பிறகு, எஃப்.பி.ஐ. இயக்குநரின் பதவிக்காலம் 10 ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது.

கட்டணம் பெறும் உளவு

தனியார் உளவு நிறுவனங்கள், திருமணத்துக்கு முந்தைய விசாரணை, வேலைக்கு எடுப்பவரின் பின்புலச் சரிபார்ப்பு, காப்பீட்டு மோசடி ஆய்வு, வணிகக் கூட்டாளியின் நிதிநிலையை அறிதல் போன்றவற்றைக் கட்டணத்துக்குச் செய்பவை. அரசு அமைப்பின் தலைவருக்கு ஆட்சியாளரை மகிழ்விக்கும் சபலம் இருப்பது போலத் தனியார் நிறுவனத்தின் தலைவருக்கு வாடிக்கையாளரை மகிழ்விக்கும் சபலம் உண்டு. அமெரிக்கத் தனியார் துப்பறிவாளர்களின் முன்னோடியான ஆலன் பிங்கர்ட்டன், 1862இல் ஜெனரல் மெக்கிளெலனுக்கு எதிர்ப்படையின் பலத்தை மிகைப்படுத்தி மதிப்பிட்டுக் கொடுத்தார்; இயல்பிலேயே தயங்கும் அத்தளபதிக்கு அந்த எண்ணிக்கை தயக்கத்துக்குத் துணையானது. இந்தியாவில், வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்த காலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற அமெரிக்கத் தனியார் புலனாய்வு நிறுவனம் ஈடுபடுத்தப்பட்டது 1987இல் பெரும் அரசியல் புயலாகி, நீதிபதிகள் தக்கரும் நடராஜனும் கொண்ட ஆணையத்தின் விசாரணை வரை சென்றது. அரசின் ரகசியங்களைத் தனியார் கையில் கொடுக்கும்போது யார் யாருக்குப் பொறுப்பு என்ற அன்றைய கேள்விக்கு இன்னும் சட்டத்தில் விடை எழுதப்படவில்லை.

2018இல் மகாராஷ்டிரத்தின் தானே காவல்துறை, கைபேசி அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாகப் பெற்று விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலரைக் கைது செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிறகு நடந்தது இது. ஒரு பெண்ணின் அழைப்புப் பட்டியலை வேண்டி வரும் வாடிக்கையாளரிடம், பெருந்தொகை மேசைமீது இருக்கும்போதும், முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதே தனியார் உளவு நிறுவனத் தலைவரின் முதற்கடமை; தம் ஊழியர் எந்த வழியில் செய்தி பெற்றார் என்பதைக் கேட்டு எழுத்தில் வைப்பது அடுத்தது. சென்னையிலிருந்து உழவர்கரை வரை வரன் விசாரிக்கும் குடும்பங்கள் இத்தகைய நிறுவனங்களை நாடுவது பெருகிவரும் காலத்தில், இக்கடமைகளை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட முடியாது.

காவலாளிகளை அனுப்பும் தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கு 2005ஆம் ஆண்டின் சட்டம் உரிமம் விதித்திருக்கிறது. துப்பறியும் நிறுவனங்களுக்கு மத்தியிலும் மாநிலங்களிலும் ஒழுங்குமுறை வாரியங்களையும் உரிமத்தையும் கட்டாயமாக்க 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. அதை மீண்டும் எழுதும்போது, உரிமக் கட்டணத்தோடும் அலுவலக முகவரியோடும் நின்றுவிடாமல், ஒவ்வோர் அறிக்கையிலும் செய்தியின் மூலம் எத்தகையது, அது எத்தனை வழிகளில் சரிபார்க்கப்பட்டது என்பதைக் குறித்துக் கையெழுத்திடும் பொறுப்பை நிறுவனத்தின் தலைவர்மீது நேரடியாகச் சுமத்தும் பிரிவு ஒன்று அதில் இடம்பெற வேண்டும். மத்திய உளவுத்துறைக்கும் ‘ரா’வுக்கும் என்றேனும் ஒரு சட்டம் இயற்றப்படுமானால், அதே பிரிவு அவற்றின் தலைவர்களுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும்.